ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பாத்தி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் பக்கத்தில் ஒரு தாய் எழுதியிருந்ததைப் படித்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் கணக்கு என்றாலே வயிற்று வலி வந்துவிடுகிறது, டியூஷனுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். அடுத்தடுத்த நாட்களில் வந்த பதில்களில் பாதிப் பேர் டியூஷன் என்கிறார்கள், மீதிப் பேர் அபாகஸ் என்கிறார்கள், ஒருவர் செல்போனில் ஆப் இருக்கிறது, தினமும் அரை மணி நேரம் கொடுங்கள் என்கிறார். அந்தத் தாய்க்கும், அவரைப் போலத் தவிக்கும் மற்ற பெற்றோருக்கும், நம் மாவட்டத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

நான் செவ்வாய்ப்பேட்டையில், லீ பஜார் பக்கம் விதைக்கடை நடத்துகிறேன். அப்பா காலத்துக் கடை, இப்போது நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். ஆசிரியர் பயிற்சி எதுவும் படித்தவள் இல்லை. ஆனால் என் அக்கா ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியை, சின்ன வகுப்புகளைத்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு விதை கொடுத்து அனுப்புவதும், அவர் பிள்ளைகளோடு செய்வதைக் கேட்டு இங்கே எங்கள் தெருப் பிள்ளைகளோடு கடை மாடியில் செய்து பார்ப்பதுமாக இது எனக்குள் ஊறிவிட்டது. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்குக் கணக்கை நோட்டில் தொடங்கக் கூடாது, கையில் விதையைக் கொடுத்துத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வகுப்புக்கொரு பாத்தி வேண்டும், வாரத்தில் ஒரு கணக்கு பீரியடாவது அந்தப் பாத்தி ஓரத்தில் நடக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். கடைக்கு அம்மாவோடு வரும் நாலைந்து வயதுப் பிள்ளைகளிடம் நான் ஒன்று செய்து பார்ப்பதுண்டு. மேசை மேல் எட்டு மொச்சையை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் கீழே இன்னொரு எட்டு மொச்சையை அதே இடைவெளியில் இன்னொரு வரிசையாகவும் வைப்பேன். "ரெண்டும் ஒண்ணா கண்ணு?" என்றால் "ஆமா" என்று தலையாட்டும். அதன் கண் முன்னாலேயே கீழ் வரிசையைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பிவிட்டு, இப்போது எதில் அதிகம் என்று கேட்டால், அநேகமாக எல்லாப் பிள்ளையும் நீளமாக இருக்கும் வரிசையைத்தான் தொட்டுக் காட்டும். ஒன்று முதல் நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையும் அதைத்தான் காட்டும். பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு முகம் வாடிவிடும். இது மந்தம் இல்லை, அந்த வயதின் இயல்பு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே பல பத்தாண்டுகளுக்கு முன்னாலேயே இதை விளக்கமாக எழுதிவிட்டார். பரப்பினாலும் குவித்தாலும் எட்டு எட்டுதான் என்பது பிள்ளைக்கு யாரும் வாயால் சொல்லிப் புரிவதில்லை. பரப்பி, குவித்து, டப்பாவில் போட்டு, கொட்டி, மறுபடி எண்ணி, அதே எட்டு வருகிறதே என்று அதுவாகவே அசந்துபோக வேண்டும். இந்தப் படி ஏறாத பிள்ளையிடம் எட்டும் ஐந்தும் பதிமூன்று என்று எழுதச் சொன்னால் எழுதத்தான் செய்யும், ஆனால் அதற்கு அது ஒரு பாட்டு வரி மாதிரிதான். அந்தப் பாட்டு மறந்த அன்றைக்கு வயிற்று வலி வரும்.

சரி, எண்ணுவதற்கு விதைதான் வேண்டுமா, பிளாஸ்டிக் மணி போதாதா என்று கேட்பார்கள். எண்ணி முடித்ததும் பிளாஸ்டிக் மணியின் வேலை முடிந்துபோகிறது. விதை அப்படி இல்லை. இன்று எண்ணியதை நாளை போட வேண்டும், போட்டதில் எத்தனை வந்தது என்று மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்க்க வேண்டும். எண்ணுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டீச்சர் கேட்டார் என்பதற்காக எண்ணும் பிள்ளை வேறு, தன் செடி என்னாயிற்று என்று தெரிந்துகொள்வதற்காக எண்ணும் பிள்ளை வேறு.

அக்கா பள்ளியில் நடப்பதைச் சொல்கிறேன். மலையில் கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். பிள்ளைகளில் பல பேருடைய அம்மா அப்பா எஸ்டேட்டில் பறிக்கப் போகிறவர்கள். பழுத்த காப்பிப் பழத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் வழவழவென்று இரண்டு கொட்டை வெளியே வரும், தட்டையான பக்கம் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கும். இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு பழம் இரண்டு, இரண்டு பழம் நான்கு, மூன்று பழம் ஆறு என்று பிள்ளைகள் பிதுக்கிக்கொண்டே சொல்லும். ஒருமுறை ஒரு குழுவிடம் பத்துப் பழம் கொடுத்திருக்கிறார், இருபது வர வேண்டிய இடத்தில் பத்தொன்பதுதான் வந்திருக்கிறது. கீழே விழுந்துவிட்டதா என்று பெஞ்சுக்கு அடியில் தேடினார்கள், மறுபடி எண்ணினார்கள், அப்போதும் பத்தொன்பதுதான். அப்புறம் ஒரு பெண் குழந்தை, "டீச்சர், இது மட்டும் உருண்டையா இருக்கு, இதுக்கு ஜோடி இல்ல" என்று ஒரு கொட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். காப்பி வியாபாரத்தில் பீபெரி என்று தனியாகப் பிரித்து விற்பார்களே, அந்த ஒற்றைக் கொட்டைதான் அது. நூறு பழத்தில் ஐந்து முதல் பத்து வரை அப்படி இருக்கும் என்பது காப்பிக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு.

அக்கா அதோடு விடவில்லை. பத்துப் பழம் பிதுக்கினேன், பதினேழு கொட்டைதான் வந்தது, அப்படியானால் எத்தனை பழத்தில் ஒற்றை என்று கேட்டிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், இது ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் கேட்கிற கேள்வி. சில பிள்ளைகள் வரைந்து பார்த்தார்கள், சிலர் பழைய கொட்டைகளை எடுத்து ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தார்கள், மூன்று என்று சொல்லிவிட்டார்கள். பெரிய வகுப்பில் எக்ஸ், ஒய் போட்டு இதே கணக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது எத்தனை பேர் முழிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு இதே காப்பியில் இன்னும் மேலே போகலாம். ஏறக்குறைய ஐந்தாறு கிலோ பழம் இருந்தால்தான் ஒரு கிலோ காப்பிக்கொட்டை கிடைக்கும், அம்மா ஒரு நாளில் பறித்த கூடையிலிருந்து எவ்வளவு கொட்டை தேறும் என்று போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

இனி கீழே வருகிறேன். சேலத்தில் எல்லாருக்கும் சுலபமானது முளைப்புச் சோதனை. விதை வியாபாரத்தில் நாங்கள் தினமும் பேசுகிற விஷயம் இது. விதைப் பொட்டலத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டை எடுத்துப் பாருங்கள், முளைப்புத்திறன் என்று ஒரு வரி இருக்கும். சான்று விதையில் நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீதம், வெண்டைக்கு 65 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. இதையே பிள்ளைகள் செய்யலாம். ராத்திரி ஊறவைத்த வெண்டை விதை பத்து எடுத்து, ஈரமான பழைய வேட்டித் துணியில் தள்ளித் தள்ளி வைத்துச் சுருட்டி, டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். துணி காயாமல் தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முளைக்கும் என்று ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், அதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இதுதான் முக்கியம், இதை விட்டுவிடாதீர்கள்.

நாலைந்து நாள் கழித்துத் துணியைப் பிரிக்கும்போது பாருங்கள், தலைகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். ஒரு குழுவுக்கு ஏழு முளைத்திருக்கும், மூன்று அப்படியே இருக்கும். இன்னொரு குழுவுக்கு எட்டும் இரண்டும். வேறொன்றுக்கு ஆறும் நான்கும். பலகையில் எழுதிக்கொண்டே வந்தால் பத்தை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பது முழுவதும் அங்கே வந்துவிடும், ஒரு பிள்ளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒன்பது என்று சொன்ன பையனுக்கு ஏழு வந்தால் இரண்டு தப்பு, ஐந்து என்று சொன்னவளுக்கும் இரண்டுதான் தப்பு, ஒன்று கூடுதல், ஒன்று குறைவு. கழித்தலுக்கு ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டது பாருங்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது என்னவென்றால், விடை சரியா தப்பா என்று சொல்வது டீச்சர் இல்லை, விதை. சிவப்பு மையும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை, அடியும் இல்லை. தப்பாகச் சொன்ன பிள்ளை அழாது, "இன்னொரு தடவை போடலாம் அத்தை" என்றுதான் சொல்லும்.

பழைய வெங்காய விதையை ஒரு குழுவுக்குக் கொடுத்தால் இன்னொன்றும் நடக்கும். வெங்காய விதைக்கு ஆயுசு குறைவு, ஒரு வருடம் சும்மா கிடந்தாலே பெரும்பாலும் உயிர் போய்விடும். அந்தத் துணியைப் பிரித்தால் ஒன்றுமே முளைத்திருக்காது. எத்தனை என்று கேட்டால் பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு "பூஜ்யம்" என்று சொல்லும். அந்தப் பிள்ளைக்கு இனிப் பூஜ்யத்தை யாரும் விளக்க வேண்டாம்.

பெருக்கலுக்குக் குழித்தட்டு. நாற்று விடுகிற கறுப்புத் தட்டு, பண்ணையில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். அதிகமாகப் புழங்குவது 98 குழித் தட்டு, ஒரு பக்கம் 7, இன்னொரு பக்கம் 14. ஏழு பதினாலு தொண்ணூற்றெட்டு என்று வாய்ப்பாட்டில் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் தட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை ஏழு ஏழாகத் தாவித் தாவி எண்ணிவிடும், நடுவில் கோடு போட்டால் இரண்டு நாற்பத்தொன்பது என்று கண்டுபிடித்துவிடும், நூறு நாற்று வேண்டும் என்றால் இரண்டு குறைகிறதே என்று கவலைப்படும். பாத்தியிலும் அப்படித்தான். ஆறடிக்கு ஆறடி பாத்தி கட்டி, வெண்டைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓர் அடி என்று விட்டால் நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு செடி. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் நான்கு ஆறு, சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஆறு நான்கு, செடி என்னவோ அதே இருபத்து நான்குதான். எங்கள் மாடியில் தொட்டிகளை அப்படி அடுக்கி வைத்தபோது ஒரு பையன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தான், கூப்பிட்டாலும் நிற்கவில்லை. கீரை விதைத்தால் வேறு கணக்கு. ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் விதை, எண்ணி முடியாது என்பதையே பிள்ளைகள் அங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள். அப்போது ஒரு சிட்டிகையை எண்ணிவிட்டு எத்தனை சிட்டிகை என்று பார்க்கலாமே என்ற யோசனை தானாக வரும். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடும்போது ஒரு சாண் இடத்தில் எத்தனை இருந்தது, எத்தனை பிடுங்கினோம், மீதி எத்தனை. பிடுங்கியது மதியச் சாம்பாருக்குப் போகட்டும்.

நம் ஊருக்கென்று ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டருக்குப் பக்கம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடுகிறது. ஒரே பொட்டலத்துப் பீன்ஸ் விதையை ஒரே நாளில் இங்கே மாடியிலும் அங்கே அக்கா பள்ளியிலும் போட்டால், கீழே முளை வந்த பிறகும் மேலே மண் அப்படியே கிடக்கும். பிள்ளைகள் போனில் பேசிக்கொள்வார்கள், "எங்களுக்கு வந்துருச்சு, உங்களுக்கு?" என்று. எத்தனை நாள் முன்னே, எத்தனை நாள் பின்னே என்று காலண்டரைப் பார்த்து எண்ணுவார்கள். அப்புறம் உயரம். அதற்கு ஸ்கேலே வேண்டாம். திங்கட்கிழமைதோறும் செடியின் உயரத்துக்கு ஒரு காகித நாடாவை வெட்டி, தேதி எழுதி, சுவரில் வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தால் போதும். நாலைந்து வாரத்தில் பாடப் புத்தகத்தில் பட்டை வரைபடம் என்று சொல்கிறார்களே, அது சுவரில் நிற்கும். எந்த வாரம் அதிகம் வளர்ந்தது என்று கேட்டால் பிள்ளை இரண்டு நாடாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பூக்காரம்மாவின் முழமும் நம் முழமும் ஏன் ஒன்றாக இல்லை என்று அளவு பற்றிய பேச்சையும் அப்படியே தொடங்கலாம்.

மழைக்கு வருகிறேன், இதில் உங்கள் பத்திரிகையிடமே ஒரு கோரிக்கை இருக்கிறது. மழை பெய்த மறுநாள் சேலம், ஏற்காடு, ஆத்தூர், மேட்டூர் என்று ஊர்வாரியாக மில்லிமீட்டர் கணக்குப் போடுகிறீர்கள். அதை ஏதோ மூலையில் பொடி எழுத்தில் போடாமல் சிறுவர் பக்கத்தில் பெரிதாகப் போட முடியுமா? ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். நான் மேலே சொன்ன ஆறடிப் பாத்தி மூன்று சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ராத்திரி 20 மில்லிமீட்டர் பெய்தது என்றால் அறுபது லிட்டருக்கு மேல் வானம் ஊற்றியிருக்கிறது, அதாவது பத்து லிட்டர் பக்கெட்டில் ஆறு பக்கெட். தினமும் பக்கெட் தூக்கி ஊற்றுகிற பிள்ளைக்கு அது என்னவென்று தெரியும். பெரியவர்களுக்கே இந்தச் செய்தி இப்போதுதான் உறைக்கும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது நினைத்தால், அப்படியும் இல்லை. ஜெர்மனியில் புரோபல் என்ற கல்வியாளர் 1837ல் சிறு பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார், அவருடைய முறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சின்னப் பாத்தி உண்டு. சரியாக நூறு வருடம் கழித்து 1937ல் வார்தாவில் காந்தி கைவேலையோடு சேர்ந்த ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஆனால் அதற்கெல்லாம் முன்னாலேயே நம் வீட்டுத் திண்ணையில் பல்லாங்குழி இருந்தது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்று போட்டால் எழுபது, அதை வைத்துக்கொண்டு எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாயி இரண்டு சுற்று முன்னாலேயே கணக்குப் போட்டுவிடுவார். கையில் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா கேட்காத வீடு உண்டா? இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி என்று தானியத்தை அளந்து போட்டுப் பழகிய பிள்ளைக்குக் கால், அரை, அரைக்கால் எல்லாம் பின்னம் என்ற பெயரே தெரியாமல் வந்துவிடும். பரணில் கிடக்கிற படியையும் ஆழாக்கையும் எடுத்துத் துடைத்துப் பிள்ளை கையில் கொடுங்கள்.

கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் ஒரு வழி சொல்லியிருக்கிறது. பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல, காம்பைச் சுற்றி இருக்கும் சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். இப்போது மலையில் பலாப்பழம் வரும் காலம்தானே, ஒரு பழத்தை வாங்கி வகுப்பில் வைத்து, முள்ளை எண்ணி, கணக்குப் போட்டு, பலகையில் எழுதிவிட்டு, அப்புறம் வெட்டிச் சுளையை எண்ணிப் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தாலும் நல்லது, வராவிட்டால் இன்னும் நல்லது. எவ்வளவு வித்தியாசம், அடுத்த பழத்தில் எப்படி என்று பிள்ளைகளே கேட்பார்கள். பெரியவர்கள் எழுதி வைத்ததையும் எண்ணிப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பழக்கம் அந்த வயதிலேயே வரட்டும். கடைசியில் எல்லோருக்கும் சுளை பங்கு போடுவது வகுத்தல், மீதி வருவதை யார் எடுப்பது என்பதில் சண்டை வரும், அதையும் அவர்களே தீர்த்துக்கொள்வார்கள்.

ஆசிரியர்கள் தரப்பில் சொல்லும் சிரமங்கள் எனக்குத் தெரியும், அக்காவே வாரம் தவறாமல் சொல்கிறார். 2022ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டு, விளையாட்டு, செய்து பார்ப்பது என்று நிறைய மாறியிருக்கிறது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தகுந்தபடி சொல்லிக்கொடுக்கிறார்கள், இது நல்ல மாற்றம்தான். ஆனால் பயிற்சி நூலில் பக்கம் காலியாக இருந்தால் பார்க்க வருகிறவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. தோட்டத்தில் நடந்த கணக்குக்கு எழுத்தில் சாட்சி இல்லையே என்று டீச்சர்கள் தயங்குகிறார்கள். சுவரில் ஒட்டிய காகித நாடா சாட்சி இல்லையா? பிள்ளை தன் கையால் தேதி போட்டு "7 வந்தது, 3 வரவில்லை" என்று எழுதிய தாள் சாட்சி இல்லையா? அதிகாரிகள் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும், எழுத்துப்பூர்வமாகவே சொல்ல வேண்டும். மதிய உணவுத் திட்டத்தில் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டம் போட 2019லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. தோட்டம் போட்டிருக்கும் பள்ளிகளும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் பல இடத்தில் அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுகிற இடமாகவும் யாராவது வந்தால் காட்டுகிற இடமாகவும் இருக்கிறதே தவிர, கணக்கு பீரியடுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருக்கிற தோட்டத்தில் பாடம் நடத்துங்கள் என்றுதான் கேட்கிறேன், புதிதாக நிதி கேட்கவில்லை.

கோடையில் தண்ணீர் இல்லை என்பது உண்மை. மலையில் குரங்கு ஒரு செடியை விடுவதில்லை, காட்டெருமை வந்தால் பாத்தியே இருக்காது என்பதும் உண்மை. ஜூனில் பள்ளி திறந்தவுடன் தொடங்கி, ஆடிப் பட்டத்தில் விதைத்து, பொங்கலுக்குள் முடித்துக்கொண்டால் தண்ணீர்ப் பிரச்சினை பாதி குறையும். குரங்குக்குப் பயந்தால் வகுப்பறை ஜன்னலுக்கு உள்ளேயே டப்பாவில் வெந்தயம் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும், அதில் எண்ண முடியாத கணக்கா? நிலமே இல்லாத, நான்கு பக்கமும் சிமென்ட் போட்ட டவுன் பள்ளிகளுக்கும் இதையேதான் சொல்வேன். பெற்றோரில் சிலர் "மண்ணுல விளையாடவா ஸ்கூலுக்கு அனுப்பினோம்" என்று சண்டைக்கு வருகிறார்கள், ஃபீஸ் கட்டுகிற பள்ளிகளில் இது அதிகம். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், ஒரு நாள் வந்து பாத்தி ஓரம் உட்கார்ந்து உங்கள் பிள்ளை என்ன பேசுகிறது என்று கேளுங்கள். எத்தனை, எவ்வளவு, யாருடையது அதிகம், இன்னும் எத்தனை நாள் என்பதைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடங்களையும் விதைக்காரி என்ற முறையில் சொல்லியாக வேண்டும், இதை யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். கடையில் வாங்குகிற விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ சாயம் பூசியது போல் இருந்தால் அது பூஞ்சாணக் கொல்லி மருந்து கலந்த விதை, அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. மருந்து கலக்காத விதை என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் சமையலறையில் இருக்கிற பச்சைப்பயறு, மொச்சை, கொள்ளு, வெந்தயமே போதும், கல்யாணத்துக்கு வாங்கிய நவதானியம் மீதி இருந்தால் பிரிக்கவும் வகைப்படுத்தவும் அதைவிடச் சிறந்தது இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்று குன்றிமணியை எண்ணக் கொடுக்காதீர்கள், அது கொடிய விஷம். நம் ஆத்தூர், வாழப்பாடி பக்கம் ஆமணக்கு சாதாரணமாகக் கிடைக்கும், அந்தக் கொட்டையும் விஷம்தான், வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை பக்கத்தில் விதையை வைக்கவே வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும், பயறு மூக்குக்குள் ஈரத்தில் ஊதிவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அந்தத் தாய்க்கு நேராகச் சொல்கிறேன். அம்மா, இந்த மாதம் டியூஷன் வேண்டாம். ஒரு கைப்பிடி பச்சைப்பயறு, ஒரு துணி, ஒரு பழைய காலண்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மகளையே எண்ண விடுங்கள், அவள் தப்பாக எண்ணினால் உடனே திருத்தாதீர்கள், "அப்படியா, இன்னொரு தடவை பார்க்கலாமா" என்று மட்டும் கேளுங்கள். முளைத்த பயறைத் தாளித்து அன்று சாயங்காலம் அவளுக்கே கொடுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கு: ஆடி மாதம் நெருங்கிவிட்டது, பாத்தி கட்ட இதுதான் நேரம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள், உங்கள் குழுவிலேயே மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த பெற்றோர் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கு வேலை கொடுங்கள். விதைச் சீட்டில் சோதனை செய்த தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் செல்லுபடி, அதற்கு அப்புறம் மறுபடி சோதிக்காமல் நாங்கள் விற்கக் கூடாது. அப்படி மீந்துபோகிற, மருந்து கலக்காத வெண்டை, அவரை, கீரை விதைகள் என் கடையில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். பழைய விதை எத்தனை முளைக்கிறது, புதிய விதை எத்தனை முளைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவை ரொம்பப் பொருத்தம். சேலம் மாவட்டத்தில் எந்த அரசுப் பள்ளி ஆசிரியர் வந்து கேட்டாலும் காசு வாங்காமல் கொடுக்கிறேன், என்னைப் போன்ற மற்ற விதைக்கடைக்காரர்களும் கொடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள். காலையில் விவசாயிகள் கூட்டம் இருக்கும், மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் நின்று பேச நேரம் இருக்கும். எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள், ஆளுக்குப் பத்து வீதம் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
விதைக்கடைக்காரி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.